மூன்று மணி நேரத்துக்குள்

நாங்கள் ஆர்.வி. வாங்கியபோது எங்கள் ஆட்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு பகுதி, வசதி வந்துவிட்டது என்றது. மற்றப் பகுதி, விசர் பிடித்துவிட்டது என்றது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வண்டி அது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கராஜின் பாதியை மறைக்கும். றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இருக்கிற வீடு காணாதெண்டு சில்லுப் பூட்டின வீடும் வாங்கியிருக்கினம்" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்வதைவிட அந்த நக்கலைத் தாங்குவது எனக்குச் சுகமாக இருந்தது.

உண்மைக் காரணம் கணவரின் சிறுநீரகங்கள். இரண்டும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டன. வயிற்றில் வைத்த குழாய் வழியாக நாளுக்கு நான்கு தடவை மருந்துத் தண்ணீரை உள்ளே விடவேண்டும், பழையதை வெளியே எடுக்கவேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் அரை மணித்தியாலம் வேண்டும். கதவு, யன்னல் பூட்டியிருக்க வேண்டும். காற்றாடி ஓடக்கூடாது. தண்ணீர்ப் பையை இளஞ்சூடாக்கி, முகமூடி போட்டு, கையைத் தேய்த்துக் கழுவித் தொடங்கவேண்டும். இதைக் கலியாண மண்டபத்துக் கழிப்பறையில் செய்ய முடியாது. ஆர்.வி. என்றால் எங்கே நிறுத்தினாலும் எங்கள் அறை எங்களோடு நிற்கும்.

அவர் இருபது வருடத்துக்கு மேல் ட்ரக் ஓட்டியவர். ஒன்ராறியோவின் சின்ன ஊர்கள் பலவற்றுக்கும் சாமான் இறக்கப் போயிருக்கிறார். "எல்லா ஊரின்ரையும் பின்பக்கம் எனக்குப் பாடம். முன்பக்கந்தான் பாக்கேல்லை" என்பார். அதனால் எலோரா, பிக்ரன் என்ற அந்தச் சின்ன ஊர்களில் நாங்கள் செய்ததெல்லாம் கடைத்தெருவின் ஒரு கரையால் நடந்துபோய் மறுகரையால் திரும்பி வந்ததுதான். ஆணி, பூட்டு விற்கும் ஒரு கடையின் கண்ணாடிக்கு முன் அவர் அரை மணி நேரம் நின்றார். ஐஸ்கிறீம் அவருக்கு ஆகாது. நான் சாப்பிட, எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு வாய்க்கும் விசாரித்தார். எரிச்சலில் பாதியை எறிந்துவிட்டேன்.

நினைத்த இடமெல்லாம் போகவும் முடியாது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இறந்த ஒருவருடையது பொருந்தி வந்தால் எந்த நேரமும் தொலைபேசி அடிக்கும், மூன்று மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் வரைபடத்தை விரித்து, ரொறன்ரோவை நடுவில் விட்டு, சட்டி மூடியொன்றை வைத்து வட்டம் கீறினார். பிறகு அந்த வட்டத்துக்குள் தொலைபேசி எடுபடாத பூங்காக்களைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். மிச்சம்தான் எங்களுடைய கனடா.

இது ஒருவருக்கும் தெரியாது. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். தகப்பனுக்கு இப்படி என்று வெளியே போனால் பரம்பரை வருத்தம் என்பார்கள், கொடுத்த சாதகம் அடுத்த கிழமையே திரும்பி வரும். இந்தப் பயம் அவருடையது அல்ல, முழுக்க என்னுடையது. மாதாமாதம் வரும் மருந்துப் பெட்டிகளை நிலக்கீழ் அறையில் அடுக்கி, கேட்டவர்களுக்குக் குடிதண்ணீர் என்றேன். மகள், "அம்மா, திஸ் இஸ் கிரேஸி. உங்களுக்கு வெடிங் முக்கியமா, அப்பா முக்கியமா?" என்று கத்தினாள். வாயை மூடு என்றேன்.

இதைவிடப் பெரிய பொய்யும் ஒன்று சொன்னேன். கிளினிக்கில் முதல் நாள், உயிரோடு இருக்கும் உறவினர் யாரும் தரலாமா என்று தாதி விசாரித்தார். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அதனால் என்னுடையது எடுபடாது. மகள் தருகிறேன் என்றாள், கலியாணமாகாத பிள்ளையிடம் வாங்கமாட்டேன் என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "கூடப் பிறந்தவர்கள்?" என்று தாதி கேட்டார். கணவர் வாயைத் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டு, ஒரு அக்கா இலங்கையில் இருக்கிறார் என்றேன். அந்த அக்கா வேறு யாருமல்ல, றிச்மண்ட் ஹில் மச்சாள்தான்; வீடு எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். கணவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அக்காவிடம் கேட்க அவருக்கும் கூச்சம் இருந்திருக்கவேண்டும், தாதியிடம் அதைத் திருத்தவில்லை.

போன யூலையில் பொப்கேஜன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் ஐந்து நாளைக்கு இடம் பிடித்திருந்தோம். மூன்றாம் நாள் காலை நான் புட்டு அவித்து இறக்கும்போது அவருடைய தொலைபேசி அடித்தது. "ஓகே, ஓகே" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வரட்டாம். ஒண்டும் சாப்பிடக்கூடாதாம்" என்றார்.

ஆர்.வி.யைக் கிளப்புவது காரை எடுப்பதுபோல அல்ல. மின்வயர், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் மூன்றையும் கழற்றவேண்டும், கூடாரச் சீலையைச் சுருட்டவேண்டும், வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்களை மடக்கவேண்டும். பக்கத்து இடத்து வெள்ளைக்காரக் கிழவர் நாங்கள் ஓடுப்பட்டதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் வந்து சீலையின் மறுநுனியைப் பிடித்தார். இருபது நிமிடத்தில் புறப்பட்டோம். இரண்டு கதிரைகளையும் என் நல்ல செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டோம்.

ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தின் வாசலில், உயர எல்லை காட்டக் குறுக்கே ஒரு மஞ்சள் கம்பி தொங்கியது. எங்கள் வண்டி அதைவிட அரை ஆள் உயரம் கூட, உள்ளே போகாது. பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, "நீர் எங்கையாவது கொண்டுபோய் விடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் அதுவரை அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் மூன்று தெரு தள்ளி ஒரு திறந்த தரிப்பிடம் கண்டுபிடித்தேன். குறுக்கே நிறுத்தினேன். காவலாளி ஓடிவந்தான். "ஹஸ்பண்ட், கிட்னி" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டினேன். திரும்பிப் போய்விட்டான்.

பின்னேரம் நான்கு மணிக்கு, நான் தொலைபேசியில் சொன்ன அந்தத் தரிப்பிடத்துக்கு, கொண்டுபோன பையோடு அவர் தனியே நடந்து வந்தார்.

"சரிவரேல்லை. நான் ரெண்டாவது ஆளாம். முதல் ஆளுக்கே பொருந்தீட்டுது" என்றார். ஏறி உட்கார்ந்துவிட்டு, "புட்டு மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார்.

ஆறிப்போன புட்டைச் சீனியோடு சாப்பிட்டார். பிறகு அவருக்குத் தண்ணீர் மாற்றும் நேரம் வந்தது. யன்னல்களைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டேன். சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள், வெளியே தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரின் மணி. அவர் முகமூடியைப் போட்டு, கையைக் கழுவி, குழாயைப் பொருத்தி, முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு என்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. தொலைபேசியை எடுத்து, மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மச்சாளுக்கு அடித்தேன்.

"மச்சாள், உங்கட தம்பிக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டுது. ரெண்டு வருசமாச்சு. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டனான்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து, வேண்டாம் என்று கையைக் காட்டினார். குழாயோடு எழும்ப முடியாது. நான் நிறுத்தவில்லை. பட்டியல், வட்டம், அன்றைய ஏமாற்றம், தாதியிடம் நான் அக்கா இலங்கையில் என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். மச்சாள் கிழி கிழியென்று கிழிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

ஆனால் மச்சாள் கேட்டது வேறு.

"அப்ப அந்த வண்டி உதுக்குத்தானோ?"

"ஓம்."

"ரெண்டு வருசமா நான் உங்கள் ரெண்டுபேரோடையும் மனத்தாங்கல். ஒருநாள் என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோவன் எண்டு கேக்க மனம் வரேல்லை. தனிய இருக்கிறனெண்டு தெரிஞ்சும் கூப்பிடேல்லையே எண்டு நினைச்சன்" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கணவர் "அக்கா" என்றார். திரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ பேசாமல் படு" என்றார் மச்சாள். பிறகு என்னிடம், "என்ரை கிட்னி பொருந்துமோ எண்டு பாக்கிற ரெஸ்ற்றுக்கு நான் நாளைக்கே வரலாமோ? வெறும் வயித்தோடை வரோணுமோ, தேத்தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டார்.