முழுக்கதையும் கேட்ட அப்பா

பருத்தித்துறையில் பிறந்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து, போரினால் ஊர்விட்டு ஊர்மாறி, கடைசியில் பிள்ளைகளோடு சிட்னி வந்து சேர்ந்த எங்கள் அப்பாவுக்கு எவர்மீதும் இலகுவில் நம்பிக்கை வராது. வெஸ்ட்மீட் வீட்டில் நாங்கள் வாங்கிவரும் பாலைக்கூடத் திகதி பார்த்த பிறகுதான் உள்ளே வைக்க விடுவார்.

அம்மா காலமான பின் அவருக்குத் துணையாக இருந்தது தமிழ் வானொலியின் சனிக்கிழமைச் சிறுகதை வாசிப்பு. முகம் ஏமாற்றிவிடும், குரலில் பொய்யைப் பிடித்துவிடலாம் என்பார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அவர் கதையை ரசிக்கிறாரா, சோதிக்கிறாரா என்று எங்களுக்கே சந்தேகம்.

ஒருநாள் கதையில் நோயாகப் படுத்திருந்த மனைவியைத் திடீரென்று காணவில்லை; கணவன் தனியே சமைத்துக்கொண்டிருந்தான். சேலைக்கடை விளம்பரத்துக்காகக் கதையை வெட்டிவிட்டார்கள் என்று அப்பா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம். கதை வாசித்த அறிவிப்பாளர் முதலில் மழுப்பினார். அப்பா விடவில்லை.

“தனிய இருந்து கேக்கிற வயசுபோன ஆக்கள் கனபேர், அங்கிள். சாவு வாற இடத்தை நான்தான் விட்டிட்டன்,” என்றார் அவர்.

“எங்களுக்குத் தாங்க ஏலாதெண்டு நீர் எப்பிடி முடிவெடுப்பீர், பிள்ளை?”

அடுத்த சனிக்கிழமை அந்தப் பகுதியும் வாசிக்கப்பட்டது. அப்பா அழுதார். அன்றிலிருந்து அவர் நம்பிய ஒரே குரல் அதுதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அப்பா நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது, இனி வைத்தியம் பலன் தராது என்று எங்களிடம் சொன்னார்கள். நாங்களே பக்குவமாகச் சொல்கிறோம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்ட தம்பியும் நானும், அதைச் சொல்லாமலே இருந்தோம். விரைவில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லச் சொல்ல, டிக்கெட் இல்லாத பயணிகளைப் பார்ப்பதுபோல அப்பா எங்களைப் பார்த்தார். கொண்டுபோன சாப்பாட்டையும் தொடவில்லை.

சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்த அந்த வானொலி அறிவிப்பாளரிடம் அப்பா கேட்டார்:

“நீர் சொல்லும், பிள்ளை. இவை ரெண்டுபேரும் எந்த இடத்தை விட்டிட்டுச் சொல்லினம்?”

அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார். தம்பி வெளியே போய்விட்டான். நான் கட்டிலருகே இருந்து, எதையும் விடாமல் சொன்னேன். அப்பா முடியும்வரை கேட்டார். பிறகு, பசிக்கிறது என்றார்.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் கூடநின்ற உறவினர், நண்பர்களுக்கும், அந்த அறிவிப்பாளருக்கும் எங்கள் நன்றி. அன்று நான் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால், அப்பா எங்களை நம்பாமலே போயிருப்பார்.