அத்தை வெட்டிய கம்பிவலை

அப்பாவின் தங்கையான என் அத்தை, இரண்டாவது முறை உண்டாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். முதல் பிள்ளை, மலையில் ஏலத்தோட்டத்தில் இருந்தபோது வந்த மலேரியாக் காய்ச்சலில் வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை மலை வேண்டாம் என்று அப்பாவே போய் அழைத்து வந்துவிட்டார். ஆனால் காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதை ஒட்டி நெல் வயல். அந்த வருஷம் தெருவில் பலருக்குக் குளிர்காய்ச்சல். விரலில் குத்தி ரத்தம் எடுக்க வந்த மலேரியாக்காரர், சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவிலிருந்த சந்தைக் காட்டி, "கதவை மட்டும் சாத்துறீக. கொசு இந்தா, இங்கன வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அடைச்சா புகை எங்கிட்டுப் போகும்?" என்றார் அப்பா.

"கம்பிவலையில புகை போகும், கொசு போகாது. உங்க தங்கச்சி வேணுமா, வேணாமா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மாமாவைக் கூப்பிடப் போனார்.

மாமா அம்மாவின் தம்பி, கொத்தனார். தேனியிலிருந்து சன்னமான வலை வாங்கி வந்தார். அத்தை படுக்கும் அறைக்கு மட்டும்தான் அது காணும். ஜன்னலுக்கு ஒரு துண்டு போக, மிச்சத்தைச் சந்தின் வெளிப்பக்கம் ஏணி போட்டு அடித்து, ஓரமெல்லாம் சாந்து அப்பினார். "இனிமே கொசு எங்கிட்டச் சீட்டு வாங்கித்தேன் உள்ள வரணும்" என்று சிரித்தார்.

சுவர்த் தலைப்பில், அந்தச் சந்துக்குள், குருவிக் கூடு இருந்ததை யாரும் நினைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கூட்டைக் கலைக்கக் கூடாது என்று அந்த அறையில் ஒட்டடைகூட அடிக்காமல் விட்டிருந்தோம். இப்போதும் நாங்கள் கூட்டைக் கலைக்கவில்லை. குருவி இரை தேடப் போயிருந்த நேரத்தில் அடைத்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அத்தை கட்டில் மேல் ஏறி, ஒரு கையால் உத்தரத்தைப் பிடித்தபடி, பாக்குவெட்டியால் வலையை வெட்டிக்கொண்டிருந்தாள். என் பின்னாலேயே நுழைந்த அம்மாவைக் கண்டதும் அவள் கை நின்றது. குஞ்சுகள் கத்துவதை நிறுத்தவில்லை.

"எறங்கு தாயி. மெதுவா" என்றாள் அம்மா.

"மதினி, அது மத்தியானத்துல இருந்து வெளிய கெடந்து முட்டுது."

அவளைப் பிடித்து இறக்கிவிட்டு அம்மா ஏறிப் பார்த்தாள். வலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகத் தாய்க்குருவி உள்ளே போயிருந்தது. இருட்டுவதற்குள் ஓட்டையை அடைத்தாக வேண்டும், அடைத்தால் குஞ்சுகள் பிழைக்காது. அம்மா சுவரின் அகலத்தை முழம் போட்டுப் பார்த்துவிட்டு, மாமாவைக் கூட்டி வரச் சொல்லி என்னை விரட்டினாள்.

"வெளிப்பக்கம் அடிச்சதைப் பிடுங்கி உள்பக்கம் அடி. கூடு வலைக்கு அங்கிட்டு இருக்கட்டும்."

"ஒரு குருவிக்காக ரெண்டு வேலையாக்கா? நாளைக்குப் பல்லிக்கும் ஒரு வாசல் கேப்ப போல."

"கேட்டா வச்சுக் குடு. ஆணியைப் பிடுங்குலே."

மண்சுவர் நல்ல அகலம். கூட்டைத் தொடாமலேயே வேலை முடிந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு துண்டு வலையை வைத்து, மாமா மெல்லிய கம்பியால் தைத்துக் கொடுத்தார். வந்த நாளிலிருந்து சோற்றைக் கொறித்துக்கொண்டிருந்த அத்தை, அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை, மாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் வலையை வெட்டிய அன்றைக்கு எனக்கிருந்த சந்தேகம் வேறு. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நான் சட்டியை ஒடச்சதுக்கு அந்த அடி அடிச்ச. அத்தைய மட்டும் ஏன் ஒண்ணுஞ் சொல்லல?"

"நீ சட்டியத்தானடி ஒடச்ச. அவ வலையவா வெட்டுனா?" என்றாள் அம்மா.

சட்டி வெறும் மண். வலையோ தேனியிலிருந்து வந்தது, விலையும் கூட. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அத்தைக்குத்தான் கூடுதலாக அடி விழுந்திருக்க வேண்டும்.