பன்னிரண்டாவது கை

என் தங்கை அபிநயா ஒன்றரை வருடமாக ஒரு பேயை வளர்த்து வந்தாள். கம்ப்யூட்டருக்குள்தான். அவள் உண்டாக்கிய வீடியோ கேமில் மல்லாட்டை பயிரிட வேண்டும். வேர்க்கடலையை எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். விதைத்து, களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருக்கும்போது கொல்லைக்குள், அதாவது அந்த நிலத்துக்குள், பேய் வரும். அதற்குத் தப்பி மல்லாட்டை பிடுங்கும் நாள் வரை தாக்குப்பிடித்தால் ஜெயித்த மாதிரி. படம் வரைந்தது, சத்தம் சேர்த்தது எல்லாம் அவள் ஒருத்திதான். பேயின் அழுகைக்கு எங்கள் கிணற்று ராட்டினத்தின் கிறீச்சலைப் பதிவு செய்திருந்தாள்.

பேய் அவளுக்குப் பழைய பழக்கம். கல்லூரி முடித்துவிட்டு வேங்கிக்காலில் ஒரு பிரவுசிங் சென்டரில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இல்லாத நேரத்தில் கையில் கிடைத்த தாளில் பேய் வரைவாள். ஒரு பெரியவர் தன் பட்டா மாறுதல் மனுவை, பின்பக்கம் இருந்த தலைவிரி கோலப் பேயோடு சேர்த்தே ஆபீசில் கொடுத்துவிட்டார். மற்ற மனுக்களை விட அது சீக்கிரம் முடிந்தது என்று அவரே வந்து சொன்னார். அதன் பிறகுதான் அவள் வேலையை விட்டுவிட்டு கேமில் இறங்கினாள்.

நான் பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் தெரியாது, மல்லாட்டை தெரியும். அவள் முதலில் காட்டியபோது கடலை செடியின் மேலே தக்காளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நோட்டு வாங்கி, நாற்பத்து மூன்று தவறுகளை வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். இலை நாலு நாலாக இருக்க வேண்டும். பூ மஞ்சள். காய் மண்ணுக்குள்ளே. நாற்பதாம் நாளுக்கு மேல் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். நூற்றைந்தாம் நாள் பிடுங்கலாம். அத்தனையையும் அவள் திருத்தினாள். அவ்வளவு படித்தவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

இதற்கிடையில் சென்னையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். அவளுக்குப் போக மனசில்லை. இந்த மாதிரி கேம்களை வாங்கி வெளியிடும் பெங்களூர்க்காரர் பிரசாத், சித்திரை கடைசியில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"அவரு எடுத்துக்கினா இங்கயே இரு. இல்லன்னா வாயைத் தொறக்காம மெட்ராஸுக்குக் கெளம்பு" என்றார் அம்மா ரேணுகாம்பாள்.

பிரசாத் வருவதற்குள் நான்கு பேரையாவது பயமுறுத்திப் பார்க்க வேண்டும் என்றாள் அபிநயா. முதலில் அம்மாவை உட்காரவைத்தோம். அம்மா இரண்டு மணி நேரத்தில் விதைத்து, களை எடுத்து, பிடுங்கி, மூட்டை கட்டிவிட்டு எழுந்தார்.

"பேயப் பாத்தியாம்மா?"

"எந்தப் பேயி?"

பக்கத்துக் கொல்லைக்காரர் சடையன் பெரியப்பாவும் அப்படியே சுத்தமாக முடித்தார். அப்புறம்தான் புரிந்தது. பேய் வருவது அமாவாசை அன்று. எங்கள் ஊரில் அமாவாசைக்கு யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள், கொல்லையில் வேலை வைக்கவும் மாட்டார்கள். நூற்றைந்து நாளில் மூன்று அமாவாசை. மூன்றுக்கும் இருவரும் படுக்கை பட்டனை அமுக்கித் தூங்கிவிட்டார்கள். பேய் மூன்று மாதமும் வந்து, யாரையும் காணாமல் திரும்பிப் போயிருக்கிறது.

அமாவாசைக்குத் தூங்க முடியாதபடி அபிநயா அந்தப் பட்டனைப் பூட்டினாள். அம்மா கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்று சமைக்கப் போய்விட்டார். பேயைப் பௌர்ணமிக்கு மாற்றினாள்.

சடையன் பெரியப்பா சிரித்தார். "பௌர்ணமிக்கு எவன் கொல்லையில இருப்பான் கண்ணு? கிரிவலத்துக்கு அவ்ளோ ஜனம் வர்றப்போ சுண்டல் கடை போட வேணாமா? கடை போடுற பட்டன் எங்க கீது?"

அபிநயா கீபோர்டின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "ணா, என் பேய எவனுமே பாக்க மாட்டேங்கிறான்ணா. மெட்ராஸ்லயாவது பாப்பாங்களா?"

அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. விவசாயி வீட்டில் இருக்கவே முடியாத நாள் எது என்று யோசித்தேன்.

"பேய மல்லாட்ட ஆயிற அன்னிக்கு வுடு" என்றேன். "ஆள் கூப்ட்டாச்சு, செடி பிடுங்கிப் போட்டாச்சு. அன்னிக்கு எவனும் தூங்க முடியாது."

"அத்தன பேர் நடுவுல வந்தா யாரு பயப்படுவா?"

"வரவே வேணாம். உக்காந்துனு இருக்கட்டும். பதினோரு பேரக் கூப்ட்டோம். வெயிலுக்கு முக்காடு போட்டுனு சுத்தி உக்காந்து காய் ஆயிறாங்க. நீ டீ எடுத்துனு போற. பதினோரு டம்ளர் தீந்துடுது. இன்னொரு கை நீட்டுது."

அபிநயா என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஒன்பது நாள் சாப்பாட்டுக்குக்கூட சரியாக எழுந்திருக்கவில்லை.

பிரசாத் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். மெலிந்த உடம்பு, நல்ல மரியாதை. ஆனால் அவருக்கு விவசாயம் சுத்தமாக வரவில்லை. முதல் தடவை தண்ணீர் ஜாஸ்தி விட்டு இருபதாம் நாள் செடியை அழுக வைத்தார். இரண்டாம் தடவை களையை விட்டுவிட்டுச் செடியைப் பிடுங்கினார். மூன்றாம் தடவை விதைக்கவே மறந்து வெறும் மண்ணுக்கு ஜிப்சம் போட்டார். மணி மூன்று. ஐந்து மணிக்கு அவருக்கு பஸ். பிடுங்கும் நாளுக்குப் பக்கத்தில்கூட அவர் போகவில்லை. அபிநயா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கதவோரம் நின்றிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க தம்பி. பாக்கவே வயிறு எரியிது."

அம்மா உட்கார்ந்தார். புதிதாக வைத்த பேயைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரத்தில் பயிர் விளைந்து நின்றது. ஆள் கூப்பிட்டார், செடி பிடுங்கினார், டீ எடுத்துக்கொண்டு போனார். பதினோரு டம்ளரும் போயிற்று. ஒரு கை நீண்டது.

பிரசாத் கொட்டாவி விட்டார். அம்மா எத்தனை பேரைக் கூப்பிட்டார் என்று அவர் கவனிக்கவே இல்லை.

அம்மா திரையில் விரலை வைத்து எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." பன்னிரண்டு வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். குரல் பாதியில் இறங்கியது. "பதினொண்ணுதான கூப்ட்டேன்? சகாதேவா, நீயும் பாத்த இல்ல?"



அம்மா மவுஸை மெதுவாகக் கீழே வைத்தார். காட்டுப் பன்றியைத் தடியால் விரட்டியவர் அவர். முகம் வெளுத்துப் போய், நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அப்போதுதான் பிரசாத்தும் எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் முக்காட்டுக்குள்ளிருந்து ராட்டினம் கிறீச்சிட்டது. அவர் கத்திய சத்தத்தில் சடையன் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாப்பா, பாம்பா?" என்று கேட்டார்.

அம்மா கற்பூரம் எடுத்து வந்து கம்ப்யூட்டரை மூன்று சுற்று சுற்றினார். பிரசாத்தையும் சேர்த்து.

ஆட்டோ பிடிக்க அவரோடு ரோடு வரை போனேன். தனியாகப் போக முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, வழி தெரியாது என்றார். நல்ல வெயில். சடையன் பெரியப்பா கொல்லையில் பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பிரசாத் நின்று, உதட்டை அசைத்து எண்ணினார்.

"சார், இங்க எத்தன பேரு வந்திருக்காங்க?"

"தெரியல சார். எங்க கொல்ல இல்லியே."

அதற்கு மேல் அவர் நடக்கவில்லை. ஓடினார். நானும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

நான் வீடு திரும்புவதற்குள் அபிநயாவின் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. கேமை எடுத்துக்கொள்கிறார்களாம். அம்மா எண்ணியதை அதே குரலில் பதிவு செய்து சேர்க்க வேண்டுமாம். அபிநயா அந்த நிமிடமே சென்னைக்கு, வரவில்லை என்று கடிதம் எழுதினாள். நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. அம்மாதான் குரல் கொடுக்க முரண்டு பிடிக்கிறார். பதினொன்று வரைக்கும் சொல்வாராம், அதற்கு மேல் ஒரு எண்கூடச் சொல்ல மாட்டாராம்.