மல்லிகையைத் தொடாத தவக்காலம்

பிப்ரவரி பாதியில் எங்கள் மைசூரில் அந்த ரோஸ் கலர் பூ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறும் பூவாக நிற்கும். அந்த நாட்களில் என் கையில் வண்டியைக் கொடுப்பதே தப்பு. ஒரு தடவை, நான் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் ஒரு ஆட்டோவின் பின்னால் முட்டினேன். ஆட்டோக்காரர் இறங்கிவந்து திட்ட ஆரம்பித்தார். “அண்ணா, மேலே நோடி” என்றேன். அவரும் பார்த்தார். பாதித் திட்டோடு ஏறிப் போய்விட்டார்.

நான் சொல்லவந்த வருடம், பின்சீட்டில் என் வீட்டுக்காரர் இருந்தார். “ரோட்டைப் பாருடி தாயே” என்று என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். அவர் அக்ரஹாரத்தில் ஒரு காப்பித்தூள் கடையில் கொட்டை வறுக்கிறவர். வறுபடும்போது வாசனை மாறுகிற அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், கண்ணை நம்பினால் தீய்ந்துவிடும் என்பார். ஜனவரியில் அவருக்கு வந்த காய்ச்சல், போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. ஒரு ஈடு கருகியது. மறுநாள் இன்னொரு ஈடு. முதலாளி நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. அவரைப் பாக்கெட் ஒட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, ஏப்ரல் வரை பார்க்கலாம், அப்புறம் வறுக்க வேறு ஆள்தான் என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் நான் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

“தினமும் நாலஞ்சு வாசனையை மோந்து பழகச் சொல்லுங்க, மெதுவா வரும்” என்றார் டாக்டர். எனக்கு அது போதாதா? ஊரே பூத்துக்கிடக்கிற நேரத்தில் என்னிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால்!

இதற்கு நடுவில் சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, தலையில் பூவும் கிடையாது. மல்லிகை மார்க்கெட்டில் குவிகிற மாதமாகப் பார்த்து இந்த நோன்பை யார் வைத்தார்கள் என்று வருடாவருடம் எனக்கு எரிச்சல் வரும். அந்த வருடம் நானே ஒரு படி மேலே போனேன். நெற்றியில் சாம்பலோடு முழங்கால் போட்டு, “ஆண்டவரே, இவருக்கு மூக்கு வந்தால் போதும். ஈஸ்டர் வரைக்கும் மல்லிகையைத் தொடமாட்டேன், மோந்துகூடப் பார்க்கமாட்டேன்” என்று நேர்ந்துகொண்டேன்.

ஆகவே மல்லிகை தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் மூக்கில் திணித்தேன். எதிர்வீட்டு மாமரம் பூத்தது. ஒரு கொத்தை ஒடித்து வந்தேன். “ம்ஹூம்” என்றார். தெருமுனைப் புங்கமரம் ஒரே வாரத்தில் மொட்டையாகி, அடுத்த வாரமே பளபளவென்று தளிர்விட்டது. தளிரைக் கசக்கி நீட்டினேன். “ம்ஹூம்.” குயில் விடியும் முன்பே கத்தத் தொடங்கியதும் அவரை எழுப்பினேன். “குயிலை எப்படிடி மோந்து பாக்கறது?” என்று போர்வையை இழுத்துக்கொண்டார். யுகாதி அன்று பக்கத்து வீட்டம்மா வேப்பம்பூவும் வெல்லமும் தந்தார். கசப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, அதுக்கு மேல ஒண்ணுமில்லே என்றார் என் வீட்டுக்காரர். பாவமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் புங்கம்பூ தெருவெல்லாம் கொட்டிக்கிடந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வயதில், அந்த உடம்போடு, அதன்மேல் குதித்து நடந்தேன்.

முதல் கோடைமழை ஒரு சாயங்காலம் வந்தது. நான் வாசலில் நனைந்துகொண்டே, “ஏங்க, மண்வாசனை! வருதா?” என்று கத்தினேன். “வருது, வருது” என்றார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது” என்று சீறினேன். “உன் சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்னுதான்” என்றார். எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட வாசலில் பூக்காரம்மா கூடையைத் திறந்தார். “மிஸ், ஒந்து மொள தகொள்ளி.” ஒரு முழம்தானே, வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். நான் மகா வைராக்கியமாக மூன்று அடி தாண்டிப் போனேன். பிறகு திரும்பிவந்து வாங்கினேன். என்ன செய்வது, அப்படி ஒரு வாசனை! பிளாஸ்டிக் கவரோடு முகத்தில் அழுத்தி ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். உடனே குற்ற உணர்ச்சி பிடுங்கியது. கவரைச் சுருட்டிக் கைப்பையில், திருத்தவேண்டிய விடைத்தாள்களுக்கு அடியில் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டியவள், அந்தப் பக்கமே திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவர் குரல்: “என்னடி இது, ஏதோ அழுகின நாத்தம்?”

“ஒரு நாத்தமும் இல்லே. நேத்துதான் வீட்டைக் கழுவிவிட்டேன்.”

“உன் பையிலேர்ந்துதான் வருது.”

அவ்வளவுதான், எனக்குச் சுருக்கென்றது. மாட்டிக்கொண்டேனே! கரண்டியோடு ஓடினேன். “என் பையை எதுக்குத் தொடறீங்க? சும்மா இல்லாத பழி போடாதீங்க! அது பேப்பர் வாசனை, இங்க் வாசனை...”

“பேப்பர் இப்படியா நாறும்? பூ அழுகின மாதிரி...”

சொன்னவர் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். அடுப்பில் தோசை தீய ஆரம்பித்தது. அவர் மெதுவாக அடுப்பங்கரைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

“தோசை” என்றார்.

பையை அப்படியே தரையில் கவிழ்த்தார். கவரைப் பிரித்து, பழுப்பேறிக் கொழகொழத்துப்போன அந்தப் பூவை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நோன்பு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவேயில்லை. “சீ, அழுக்கு, குடுங்க” என்று அழுதுகொண்டே பிடுங்கப் பார்த்தேன். அவர் தரவில்லை.