வைரஸ் அக்கா

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலையும் ஆன்ட்டிவைரஸையும் சரிசெய்வது என் தொழில். இந்தத் தொழிலில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “நான் ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா இப்படி ஆயிடுச்சு.”

நீங்களும் சொல்லியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். ஃபயர்வால் வாசலில் நின்று வருகிறவன் போகிறவனை விசாரிக்கிறது. ஆன்ட்டிவைரஸ் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டவனைத் தேடிப் பிடிக்கிறது. இரண்டும் நம் நல்லதுக்குத்தான் பாடுபடுகின்றன. நம் நல்லதுக்காகப் பாடுபடுகிறவர்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எத்தனை கஷ்டம் என்பது உங்களுக்கும் தெரியும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் லைனில் இருந்தேன். மகள் யாழினி பிறந்ததும் வேலையை விட்டேன். அவளுக்கு மூன்று வயதானபோது வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சரிசெய்ய ஆரம்பித்தேன். பொங்கல் வரை பார்ப்போம், தொழில் நிலைக்காவிட்டால் மறுபடி லைனுக்குப் போய்விட வேண்டியது என்று வீட்டில் பேச்சு. கிடைக்கிற வேலையோ நைட் ஷிஃப்ட். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், அவருக்கும் பாதி நாள் இரவில்தான் வேலை. அப்படி ஆனால் யாழினியைச் செய்யாற்றில் என் அக்கா வீட்டில் விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். அந்தப் பொங்கலுக்கு முந்தைய மாதங்களின் கதைதான் இது.

முறை வைத்துக் காவல்

முதல் வாடிக்கையாளர் ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெரு ராகவன் சார். ஓய்வுபெற்ற ஆசிரியர். குடும்பத்துக்குப் பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் உண்டு. அவர் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் காபி குடித்துவிட்டு வரலாம். அதற்குள்ளும் திறந்திருக்காது. பார்த்தால், உள்ளே மூன்று ஆன்ட்டிவைரஸ். ஒன்று காசு கொடுத்து வாங்கியது, ஒன்று இலவசம், ஒன்று மருமகன் போட்டுக் கொடுத்தது. மூன்றும் ஒன்றை ஒன்று திருடன் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. உண்மையான வைரஸ் வந்தால் அதைக் கவனிக்க ஆள் இல்லை.

இரண்டைத் தூக்கினேன். பெட்டி மூச்சு விட்டது. எதற்கு சார் மூன்று என்று கேட்டதற்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது: “கோயில்ல நாங்க முறை வச்சுண்டுதானேம்மா நிக்கறோம்? ஒருத்தருக்கு உடம்பு சரியில்லேன்னா அடுத்த முறைக்காரர் வந்துடுவார். இதுகளும் அப்படிப் பேசி வச்சுக்கும்னு நெனச்சேன்.”

ஷிஃப்ட் முடிந்தால் மெயின் ஆஃப்

அடுத்தவர் குமார். உள்ளூர்க்காரர், ஒரு பிளான்ட்டில் மெயின்டெனன்ஸ். அவர் கம்ப்யூட்டரில் சிவப்பு எச்சரிக்கை நாள் தவறாமல் வரும்: பாதுகாப்பு அப்டேட் முழுமை பெறவில்லை. நான் உட்கார்ந்து பொறுமையாக அப்டேட் செய்துவிட்டு வருவேன். அடுத்த வாரம் புதிதாக ஒன்று வந்து அதுவும் பாதியில் நிற்கும். மூன்றாவது தடவை எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஆள் தெருவெல்லாம் சொல்லி என் பிழைப்பில் மண்ணைப் போடப்போகிறார் என்று பயந்துகொண்டே, “நீங்க எப்படிங்க இதை ஆஃப் பண்ணுவீங்க, செஞ்சு காட்டுங்க” என்றேன்.

மனிதர் எழுந்தார். நேராகச் சுவருக்குப் போனார். மெயினை இறக்கினார். மறுபடி யாரும் ஏற்றிவிடாதபடி அதன் மேல் ஒரு செல்லோடேப் வேறு. பிளான்ட்டில் எந்த மெஷினைவிட்டு நகர்ந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். பதினைந்து வருடப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. அப்டேட் பாவம், ஒவ்வொரு நாளும் பாதி வழியில் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அவர் கோபிக்கவில்லை. “இன்னா மேடம் நீங்க, இதே வேலைக்குப் பிளான்ட்ல எனக்கு சேஃப்டி அவார்டு குட்த்தாங்க, நீங்க திட்டிக்கினு கீறீங்க” என்றார்.

அந்த மனிதர்தான் பிறகு தன் ஷிஃப்டில் இருந்த அத்தனை பேருக்கும் என் நம்பரைக் கொடுத்தார். அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

வாசலில் நின்ற மச்சான்

குமார் சொல்லி வந்த அழைப்புதான் வாலாஜாபாத் அரிசி மண்டிக்காரர். பிரின்டர் ஓடவில்லை, இணையம் திறக்கவில்லை, கம்ப்யூட்டரில் கடிகாரம்கூடத் தப்பு நேரம் காட்டுகிறது. ஃபயர்வாலைத் திறந்தேன். அடேயப்பா! புதிதாக எந்தப் புரோகிராம் இணையத்துக்குப் போக முயன்றாலும் ‘அனுமதிக்கலாமா?’ என்று அது கேட்கும் அல்லவா? மண்டிக்காரர் ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ சொல்லியிருக்கிறார். பிரின்டருக்கு வேண்டாம். பிரவுசருக்கு வேண்டாம். ஆன்ட்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கேட்டதற்கும் வேண்டாம்.

“முன்ன பின்ன தெரியாதவன் வந்து உள்ள வரட்டுமான்னா, வான்னு சொல்வாங்களா?” என்று என்னையே கேட்டார். ஒவ்வொன்றையும் யார் என்ன என்று அறிமுகம் செய்துவைத்து அனுமதி வாங்கினேன், கல்யாண வீட்டில் சம்பந்தி உறவை அறிமுகம் செய்வது மாதிரி. மோர் கொண்டுவந்த அவர் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் என்னிடம் சொன்னார்: “கம்ப்யூட்டருக்கே அதிசயப்படுறியேம்மா, கல்யாணமான புதுசுல என் தம்பி வந்தான், அவனையும் இப்படித்தான் யாரு என்னன்னு கேட்டு அரை மணி நேரம் வாசல்லயே நிக்க வெச்சாரு.”

அலறிய லேப்டாப்

மார்கழியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலிலிருந்து போன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், எல்லோரும் தொழிற்சாலை வேலை. அறையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே லேப்டாப். அது சைரன் மாதிரி அலறுகிறது, திரை முழுக்கச் சிவப்பு, ‘உங்கள் கணினியை வைரஸ் தாக்கிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று எழுத்து. நான் போனபோது லேப்டாப் மேல் இரண்டு தலையணையைப் போட்டு அமுக்கி வைத்திருந்தார்கள். இது வைரஸ் இல்லை, பயமுறுத்திப் பணம் பிடுங்கும் போலி விளம்பரம். அந்தப் பக்கத்தை மூடினேன், அலறல் நின்றது. சந்தேகத்துக்கு முழுவதும் ஸ்கேன் செய்தேன், சுத்தமாக இருந்தது.

நம்பருக்குப் போன் செய்தீர்களா என்றேன். செய்திருக்கிறார்கள்! அந்தப் பக்கம் இருந்தவன் ஏதேதோ கேட்டிருக்கிறான். ஒன்றும் கொடுக்கவில்லையே என்று பதறினேன். இசக்கி என்ற பெண் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: “அவம் பேசுன இங்கிலீசு எங்க ஒருத்திக்கும் வெளங்கலக்கா. தமிழ்ல கேளும்னு சொன்னோம், வச்சிட்டுப் போயிட்டான்.”

அன்றைக்கு அந்த அறையில் என் நம்பரை ‘வைரஸ் அக்கா’ என்று பதிந்துகொண்டார்கள். வைரஸை விரட்டுகிறவளுக்கு இப்படி ஒரு பெயர்.

எடுக்கக் கூடாத ஸ்டிக்கர்

அதே அறையில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண், டிப்ளமோ படித்தவள். ஒப்பந்த வேலையிலிருந்து நிரந்தர வேலைக்கு ஒரு ஆன்லைன் தேர்வு, பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. முதல் நாள் சனிக்கிழமை என் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். நைட் ஷிஃப்டில் ஒரு இடம் இருக்கிறது, ஞாயிறு மதியத்துக்குள் சொல்லு என்றார். கணவரும் நானும் பேசினோம். வேலைகள் வருகின்றன, ஆனால் விட்டு விட்டு வருகின்றன. சரி என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். யாழினியின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தபோது அழுதேன். அவள் சுற்றுலா போகிறோம் என்று நினைத்துத் தன் செருப்பையும் கொண்டுவந்து பைக்குள் போட்டாள்.

ஞாயிறு காலை பேச்சி போன் செய்தாள். தேர்வு எழுதுகிறவரைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் திரையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. ஓடினேன். ஆன்ட்டிவைரஸில் கேமராவைத் தடுக்கும் வசதி ஒன்று உண்டு, அதை விலக்கினேன். இருட்டு. ஃபயர்வாலில் தேர்வு மென்பொருளுக்கு வழிவிட்டேன். இருட்டு. கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே இருட்டு. தேர்வு தொடங்க அரை மணி கூட இல்லை. பேச்சி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் இசக்கி மெல்லக் கேட்டாள், கேமரா மேல் ஸ்டிக்கர் இருக்கிறதே, அது பரவாயில்லையா என்று. இருந்தது! தொழிற்சாலை கேட்டில் நம் போன் கேமரா மேல் ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர். லேப்டாப் அலறிய நாளில், எவனாவது உள்ளிருந்து பார்ப்பான் என்று பயந்து ஒட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் படவில்லை. எங்கள் ஊரில் ஸ்டிக்கர் இல்லாத கேமராவைத்தான் நின்று பார்ப்போம். வந்த ஆத்திரத்தில், எல்லோருக்கும் தெரிந்துமா யாரும் எடுக்கவில்லை என்று கத்தினேன். இசக்கி பயந்துபோய்ச் சொன்னாள்: “செக்யூரிட்டி பாக்காம ஸ்டிக்கர எடுத்தா மெமோ குடுத்துருவாவல்லாக்கா, அதான் கை வரல.”

கதவுக்கு வெளியே

ஸ்டிக்கரை நானே பிய்த்தேன். பேச்சியின் முகம் திரையில் வந்தது. அறையில் அவளைத் தவிர யாரும் இருக்கக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் வராந்தாவில் நின்றோம். துணி துவைக்க வந்தவர்களை நான் விரலை உதட்டில் வைத்து மாடிக்கு விரட்டினேன். நடுவில் சூப்பர்வைசர் போன். கட் செய்தேன். மறுபடி வந்தது. மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று இசக்கியிடம் சொன்னேன். எதற்கு என்றாள். நைட் ஷிஃப்ட், செய்யாறு, யாழினி, எல்லாவற்றையும் கிசுகிசுத்தேன்.

அவள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தேர்வு பேச்சியோடு முடிவதில்லை, ஹாஸ்டல் முழுக்க ஒருத்தி பின் ஒருத்தியாக எழுதப்போகிறார்களாம். வேறு ஹாஸ்டல்களிலும் கேட்கிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “மாசி மாசம் எனக்குப் பரீட்சை. நீங்க நைட்டு முழுக்க லைன்ல நின்னுட்டுப் பகல்ல தூங்கிட்டியன்னா, எனக்கு யாருக்கா வருவா?”

ஒரு ஆளுக்கு நான் தேவை என்று அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மாடிக்குப் போய், வரவில்லை சார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்து பையிலிருந்த துணிகளை அலமாரியில் அடுக்கினேன். பேச்சிக்கு வேலை கிடைத்தது. மாசியில் இசக்கி எழுதினாள், அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள். ஒவ்வொரு தேர்வின்போதும் கதவுக்கு வெளியே நான் நின்றேன், சில நாள் இடுப்பில் யாழினியோடு. அந்தப் பெண்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் இடம் காலியாகும்போதெல்லாம் கூப்பிடுகிறார் என்பதால் அவர் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன்: ஊரார் வீட்டுக்கெல்லாம் ஃபயர்வால் போடுகிறவள் தன் வீட்டுக்கும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டாமா?