மூன்று ஞாயிறு சத்தம் போட்ட மோட்டார்

எங்கள் அப்பாவுக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்றுதான் பத்து வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதில் என் தப்பு ஒன்றுமில்லை. செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்க்கிற மனிதர் அவர். கரமனையில் எங்கள் வீட்டில் பல்பு போனால் அம்மாதான் ஸ்டூலில் ஏறுவாள். அப்பா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்பார். அதனால், துபாயிலிருந்து லீவில் வந்த மாமா எனக்கு ரிமோட்டில் பறக்கிற விமானம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போன மறுநாளே அது கரகரவென்று கத்த ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் அதைச் சரிசெய்ய ஆளில்லை.

தெர்மோகோல் உடம்பு. மூக்குக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மின்மோட்டார், அதோடு சேர்ந்த பல்சக்கரம், அதற்கு முன்னால் விசிறி. மெதுவாகச் சுற்றினால் சாதுவாக இருக்கும். முழு வேகம் வைத்தால் போதும், மிக்ஸியில் புளியங்கொட்டையைப் போட்டது மாதிரி ஒரு சத்தம். விமானம் மூன்றடி எழும்பும், தரையில் வந்து குத்தும். ஜூனில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மழை பிடித்துவிட்டால் மைதானம் குளமாகிவிடும், பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அதற்குள் அது பறந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மோட்டார் என்றால் எங்கள் குடும்பத்தில் ஒரே ஆள்தான், அப்பாவின் அண்ணன். சாலை என்கிற கடைத்தெருவில் பம்ப் மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். ஆனால் அப்பாவும் பெரியப்பாவும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. பெரியப்பா தன் மகள் கல்யாணத்துக்கு எங்களை போனில் அழைத்துவிட்டார். பெரியம்மாவோடு நேரில் வந்து அழைத்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. "கூடப்பிறந்தவன விளிக்கது போன்லயா?" என்று அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை. கூடப்பிறந்தவனுக்கு அழைப்பு எதற்கு, அவனல்லவா முன்னால் நின்று நடத்த வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்சி. இவர் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை, அவர் வீட்டுப் படியை இவர் மிதிக்கவில்லை. கல்யாணமான அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதமாகியும் அப்பா அதன் முகத்தைப் பார்த்ததில்லை. கேட்டால் "எனக்கென்ன" என்பார். சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொள்வார்.

வழி கண்டுபிடித்தவள் அம்மா. "வீட்டுக்குப் போகத்தான் ஆரும் வந்து விளிக்கணும். கடைக்குப் போக ஆரு விளிக்கணும்? ரிப்பேருக்கு ஒரு சாதனம் கொண்டு போறீங்க, அவ்வளவுதானே?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வேலை பார்ப்பார். நாங்கள் குனிந்து நுழைந்ததும் அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த விமானத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை.

"எப்பம் சத்தம் போடுகுன்னு அப்பாகிட்ட கேளு மக்ளே."

"முழு வேகம் வச்சாத்தான்னு சொல்லு," என்றார் அப்பா, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து.

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தும் நடுவில் நான் நின்று அஞ்சல்காரி வேலை பார்த்தேன். பெரியப்பா விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டினார். சத்தம் அப்படியே இருந்தது. "அப்போ விசிறி குத்தம் இல்ல." ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "உள்ள ஒண்ணும் இல்ல, சுத்தமாட்டு ஓடுகு." ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆளைப் பிடித்தார். மோட்டாரை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று இளகியிருந்தது. முழு வேகத்தில் மோட்டார் சாய்ந்துகொடுக்க, பல்லோடு பல் கோணலாகச் சேர்ந்து கத்தியிருக்கிறது. இறுக்கினார். சத்தம் நின்றது. நான் துள்ளினேன். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போனால் மறுபடியும் கரகர. அப்பா என்னைவிட முந்திக்கொண்டு, "சாலைக்குப் போவோம்" என்றார். பெரியப்பா முதலிலிருந்து ஆரம்பித்தார். விசிறியைக் கழற்றினார், காதை வைத்தார், எண்ணெய் விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. போன வாரம் பார்த்த அதே ஸ்க்ரூவை முதலிலேயே பார்த்தால் என்ன? ஆனால் இந்த முறை அஞ்சல்காரிக்கு வேலையில்லை. "நீ வேகத்த வச்சுப் பாரு," என்று பெரியப்பா நேராகவே அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் வைத்தார். பக்கத்துக் கடையிலிருந்து மூன்று சாயா வந்தது. முட்டுவலிக்கு என்ன மருந்து என்ற பேச்சு வந்தது. "குஞ்ஞு கமந்து விழுதாளா?" என்று அப்பா கேட்டார். "விழுதா, விழுதா. இப்பம் நீந்தவும் தொடங்கியாச்சு," என்றார் பெரியப்பா. குழந்தை குப்புற விழுவதையும் தவழ்வதையும் பற்றிப் பேசுகிறார்கள், என் மோட்டார் அங்கே திறந்து கிடக்கிறது. கடைசியில் அதே ஸ்க்ரூவைத்தான் இறுக்கினார்.

பெரியப்பாவுக்குத் தொழில் மறந்துபோய்விட்டது என்று முடிவு செய்தேன். ஒரு ஸ்க்ரூவை ஒழுங்காக முறுக்கத் தெரியாத இவரை நம்பி ஊரே பம்பு மோட்டாரைக் கொடுக்கிறதே என்று பரிதாபப்பட்டேன்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் தோழி வீட்டிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டேன். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலில் என் விமானம் மல்லாந்து கிடந்தது. அப்பா, அம்மாவின் தையல் மெஷினுக்கான குட்டி ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி அந்த ஸ்க்ரூவை அரைச்சுற்று இளக்கினார். விசிறியை விரலால் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்தார். போதாது போலிருக்கிறது, இன்னும் அரைச்சுற்று இளக்கினார்.

பெற்ற அப்பா! என் விடுமுறை நாளெல்லாம் வீணாய்ப் போனதற்குக் காரணம் இந்த மனிதர்தான். கத்தவில்லை. நாளைக்குப் பெரியப்பா முன்னால் வைத்து மானத்தை வாங்குகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் கடையில் பெரியப்பா விசிறியைக் கழற்றக் கை வைத்ததுமே சொல்லிவிட்டேன். "பெரியப்பா, அதையெல்லாம் கழத்தண்டாம். ஸ்க்ரூவ இளக்கினது அப்பாவாக்கும். நேத்து நான் கண்ணால பாத்தேன்."

அப்பா காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது. பெரியப்பா தலையைத் தூக்காமல், "அது எனக்குப் போன ஆழ்ச்சை ஞாயிறே தெரியும் மக்ளே," என்றார். "தானா இளகினதுக்கும் ஆளு இளக்கினதுக்கும் வித்தியாசம் தெரியாமலா முப்பது வருஷமாட்டு காயில் கெட்டுதேன்? பொடி ஸ்க்ரூடிரைவர் நுனி வச்சுத் திருப்பித் திருப்பி, தலையெல்லாம் கீறிப் போட்டிருக்கான்."

தெரிந்தும் ஏன் அந்தக் காதை வைப்பதும் எண்ணெய் விடுவதும்? இருவரும் சேர்ந்தே என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

பெரியப்பா ஸ்க்ரூவை இறுக்கினார். காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் டப்பாவை எடுத்து, ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டு வைத்தார். "இது காய்ஞ்சா, பிறகு ஆரு நெனச்சாலும் இளகாது."

"அப்போ இனி இங்க வரண்டாம்," என்றார் அப்பா.

"வரண்டாம்," என்றார் பெரியப்பா. வார்னிஷ் டப்பாவை மூடினார். மூடியை நன்றாக அழுத்தினார். பிறகு, "சாயங்காலம் வீட்டுல உண்டாடே?" என்று கேட்டார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போது நல்ல அடி விழும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ஓட்டமும் நடையுமாகப் போய் எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் உப்பேரி அரைக்கிலோ வாங்கினார். அம்மாவிடம் சொல்லாமலிருக்க எனக்குக் கொடுக்கிற லஞ்சம் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "வீட்டுக்குப் போயிட்டு," என்று பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அந்த ஸ்க்ரூ அதன்பின் ஒருநாளும் இளகவில்லை. மழைக்கு முன்னால் கிடைத்த நாட்களிலும், மழை விட்டபிறகு பல நாட்களும் விமானம் நன்றாகவே பறந்தது. ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு நடந்த அநியாயத்தை மட்டும் வெகுகாலம் மறக்க முடியவில்லை.

பெரியப்பா சலவை வேட்டியும் சட்டையுமாக வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் தாம்பாளத்தோடு பெரியம்மா. அப்பா இறங்கிப் போய் "வாங்க" என்று சொல்லும்வரை இருவரும் படியேறவில்லை. பெரியம்மா அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்தாள். கொடுக்கும்போதே இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் பண்ணி வந்தவர் போலச் சொன்னார்: "வார ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு முதல் சோறு குடுக்கோம். நீங்க எல்லாரும் முந்தின நாளே வந்து, கூட நின்னு நடத்தித் தரணும்."

அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை.

வார்னிஷ் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் பெரியப்பா வந்திருக்கிறார் என்று எண்ணி, நான் ஓடிப்போய் விமானத்தைக் கொண்டுவந்து, நடுக்கூடத்தில் வைத்து முழு வேகம் கொடுத்தேன். துளிக் கரகரப்பில்லை. விசிறிக் காற்றில் தாம்பாளத்துக் குங்குமம் லேசாகப் பறந்தது.

"பாருங்க, பாருங்க," என்று நான்கு பேரிடமும் சொன்னேன். ஒருவரும் திரும்பவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்த மோட்டாருக்காகவே மெனக்கெட்டவர்கள், இப்போது நாலாவது ஞாயிற்றையும் ஒரு குழந்தைக்குச் சோறூட்டத் தாரைவார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு விமானம் பற்றி ஒன்றுமே தெரியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகமில்லாமல் தெரிந்தது.