மாமன் படித்த ஸ்பானிஷ்

பொறாமைப்படுவதில் சுருளிப்பட்டிக்காரர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அடுத்த தோட்டத்துத் திராட்சைக் குலை நம்முடையதைவிடக் கொஞ்சம் பெருத்திருந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் கண்ணால் பார்த்திராத ஒருவன் மேல் பொறாமைப்பட்டு, அதற்காக ஒரு மொழியையே படித்தவர் எனக்குத் தெரிந்து என் பக்கத்துத் தோட்டத்து வேல்பாண்டி ஒருவர்தான்.

அவருடைய ஒரே தங்கை ஓவியா ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தார் வேல்பாண்டி. மாயா பிறந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"காது மட்டும் அங்கன வச்சுக் குத்திப்புடாதத்தா. என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்."

அந்த ஊரில் பெண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே காது குத்திவிடுவார்களாம். ஓவியாவின் மாமியார் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தும், அண்ணன் சொல்லுக்காக அவள் பிள்ளையை மூளிக்காதோடு வளர்த்தாள். தாய்மாமன் மடி என்றால் சும்மாவா?

வினை வீடியோ காலில் வந்தது. மாயாவுக்குப் பேச்சு வந்தபோது ஸ்பானிஷ்தான் வந்தது. அந்தப் பேச்சில் வாய்க்கு வாய் "தியோ அல்வாரோ" என்று ஒரு பெயர் அடிபட்டது.

"யாருத்தா அது?"

"அவரோட தம்பிண்ணே. தியோன்னா சித்தப்பா. இவளுக்குச் சைக்கிள் வாங்கிக் குடுத்து, ஓட்டவும் சொல்லித் தாராரு."

"சரி, தாய்மாமனுக்கு அங்கன என்ன சொல்லுவாக?"

"அதுக்கும் தியோதாண்ணே."

வேல்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. சீர் செய்கிற மாமனுக்கும், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும் ஒரே பெயரா? பிள்ளையிடம் அவள் மொழியிலேயே பேசிவிடுவது என்று அன்றே முடிவு கட்டினார்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் வேலை என்றால் கை இரண்டும் தலைக்கு மேலே இருக்கும். கொடி கட்டுவதும் கிளை கிள்ளுவதுமாகப் பொழுது போகும். காதுக்கு மட்டும் வேலை இல்லை. அந்தக் காதில்தான் வேல்பாண்டி இயர்போனை மாட்டினார். ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் பாட்காஸ்ட் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். அதில் பேசும் பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனியில் சில வருடம் இருந்த பழக்கத்தில் இவருக்கு ஆங்கிலம் பிடிபட்டது. அவள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாள். இவர் கொடியைப் பார்த்து அதைத் திருப்பிச் சொல்வார். வேலியோரமாகப் போகிறவர்கள், பூச்சிமருந்து வாடை தலைக்கேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் மனைவி முத்துலட்சுமிக்கு வேறு சந்தேகம். ஒருநாள் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"எவ இவ? இந்தக் கொஞ்சு கொஞ்சுறா! நான் பேசுனா மட்டும் காது கேக்க மாட்டேங்குது உங்களுக்கு."

"வாத்தியாரம்மாடி."

"எந்த வாத்தியாரம்மா இம்புட்டுச் சிரிச்சுப் பேசுவா?"

பொறாமை அந்த வீட்டில் புருஷனுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை.

இரண்டு வருடத்தில் வேல்பாண்டி தேறிவிட்டார். பாடம் முடிந்து, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஸ்பானிஷ் பாட்காஸ்ட் வரை வந்துவிட்டார். குலசாமி கோயிலில் காதுகுத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் ஓவியா போனில் சொன்னாள். "அவருக்கு லீவு கெடைக்கலண்ணே. துணைக்கு அல்வாரோ வாராரு." வேல்பாண்டி போனை வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தார்.

மதுரை விமான நிலையத்தில் அவர் ஸ்பானிஷில் வரவேற்றதும் மாயா வாயைப் பிளந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீருக்கு மதகு திறந்த மாதிரி! பாட்காஸ்ட்காரி நிறுத்தி நிறுத்திப் பேசியவள். இவள் பேச்சில் பாதிதான் அவருக்குப் பிடிபட்டது. அதுவே போதும் என்று பந்தலுக்குள் தூக்கிக்கொண்டு போய்க் குலை குலையாகக் காட்டினார். தூரத்தில் அல்வாரோ தலை தெரிந்ததும் பிள்ளை மாமன் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி அவனிடம் ஓடிவிட்டது.

அவன் வந்த மறுநாளே வேட்டி கட்டிக்கொண்டான். பச்சைமிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டுச் சிரித்தான். தெருவே அவன் பின்னால் போயிற்று. "தங்கமான பிள்ள" என்று முத்துலட்சுமி அவனுக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தாள். அந்தத் தோசையை வேல்பாண்டியால் மன்னிக்கவே முடியவில்லை.

காதுகுத்து அன்று வேல்பாண்டி பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார, மாயா அவர் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் திரும்பி ஸ்பானிஷில் கேட்டாள்.

"வலிக்குமா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். அதைத்தான் அவரும் அந்த மொழியில் சொன்னார். "வலிக்காது கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

ஒரு காதில் ஊசி இறங்கியது. பிள்ளை அலறிய அலறலில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. அவர் நெஞ்சில் குத்திக்கொண்டே அழுகையோடு என்னவோ கத்தியது.

"என்னங்க சொல்லுது பிள்ள?" என்றாள் முத்துலட்சுமி.

வேல்பாண்டிக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. மாமா பொய்யர். அல்வாரோ வலிக்கும் என்று முன்பே சொன்னார். எனக்கு அல்வாரோ வேண்டும். இரண்டு வருடம் படித்த படிப்பு இதைக் கேட்கத்தானா?

"அழுதழுது பிள்ளைக்கு இழுப்பு வந்துரும். அந்தத் தம்பி மடியிலயாவது வைங்க, இன்னொரு காது கெடக்கு" என்றாள் முத்துலட்சுமி. அல்வாரோ கூட்டத்தின் ஓரத்தில், கைகள் பாதி நீண்டு, முறை தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

வேல்பாண்டி மடியை விடவில்லை. பிள்ளையின் கண்ணைத் துடைத்து, மெதுவாக ஸ்பானிஷில் சொன்னார். "பொய்தான் சொன்னேன். வலிக்கும். அந்தக் காதும் இதே மாதிரி வலிக்கும்."

மாயா விசும்பலை நிறுத்தி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, நிஜம்தானா என்று கேட்பதுபோல் திரும்பி அல்வாரோவைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவள் மாமன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடுத்த காதை ஆசாரி பக்கம் திருப்பினாள்.

அவன் தலையை ஆட்டாமல் இருந்திருந்தாலும் பிள்ளை காதைக் கொடுத்திருக்கும் என்று வேல்பாண்டி இன்றைக்கும் பந்தலடியில் என்னிடம் சாதிக்கிறார். ஆமாம் என்று நான் சொல்லும் வரை விடுவதில்லை.